கோட்டைக் கதவடைத்த பின் வந்தவர்களை எழுதிய சயாமா லத்தீபாவுக்கு

வலது முழங்கால் வீங்க, இடது தோளைப் புத்தகப் பை இழுக்க, ரங்கூனுக்கு வெளியே மாவ்பிப் பாதையில் ஓடும் லைன் கார் பேருந்தின் கம்பியைப் பற்றி நின்றபடியே பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளைக் கடந்து வந்த அம்மையீர்! ஐரோப்பிய நகரங்களின் கோட்டைக் கதவுகளை அறிந்தவரே! அக்கதவுகளுக்கு வெளியே குளிரிலும் இருளிலும் காத்துக் கிடந்தவர்களை அதைவிட நன்றாக அறிந்தவரே! மாணவர் வாயில் ஆசிரியைக்குரிய சயாமாவாகவும், எங்கள் வாயில் அக்காவாகவும், சம்பளப் பட்டியலில் கடைசிவரை வெறும் விரிவுரையாளராகவும் இருந்த, பர்மிய மரியாதையில் டோ லத்தீபா அவர்களே! உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். எங்கள் வணக்கத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நேற்று வரலாற்றுத் துறையில் உங்களுக்கு முறைப்படி விடைகொடுத்தார்கள். பர்மிய மொழியில் நல்ல உரைகள் நிகழ்ந்தன. சுவர்க் கடிகாரம் ஒன்று வழங்கப்பட்டது. உங்கள் நேரந் தவறாமையைப் புகழ்ந்தார்கள், நன்னடத்தையைப் புகழ்ந்தார்கள், கட்டி வந்த புடவையைக்கூடப் புகழ்ந்தார்கள். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் நீங்கள் எதைப் படித்தீர்கள், எதை எழுதினீர்கள் என்பதை ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. ஆகவேதான், உங்கள் கணவர் முகைதீன் பாய் குடைக்கடை நடத்திய இதே கட்டிடத்தின் மேல்மாடியில், உங்களோடு பணியாற்றிய தமிழறிந்த மூவர் உங்களை மறுபடியும் உட்கார வைத்து இம்மடலைப் படிக்கிறோம். பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தமிழ் பாதிதான் புரியும். மீதியைப் பிறகு சொல்லிக்கொள்கிறோம்.

அழகாகப் புகழ எங்களுக்கு வராது. இதை எழுதும் நூலக உதவியாளன் மாரிச்சாமி, படகுத்துறையில் மூட்டை சுமந்தவர் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் ஒருவனை மெச்ச வேண்டுமானால், "இவன் தூக்குவான்" என்பார்கள். அதற்கு மேல் பட்டம் கிடையாது. சயாமா, நீங்கள் தூக்கினீர்கள். எதைத் தூக்கினீர்கள், அதை எங்கே இறக்கி வைக்க முடியாமல் போயிற்று என்பதே இம்மடலின் பொருள்.

உங்கள் ஆய்வேட்டின் பெயர் இந்த அறையில் ஒரு தடவையாவது உரக்க ஒலிக்கட்டும்: "நகர வாயிலும் அந்நியரும்: தென் ஜெர்மானிய நகரங்களில் வந்தேறியோர் வாழ்வு, 1500 முதல் 1650 வரை." தொண்ணூற்றாறாம் ஆண்டு மழைக்காலத்தில் அதைச் சமர்ப்பித்தீர்கள். முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு படிதான் இருந்தது. தேர்வாளர்கள் எதிரே அமர்ந்து, அவர்கள் தொடுக்கும் வினாக்களுக்கு விடை சொல்லும் வாய்மொழித் தேர்வு. அந்தத் தேர்வு நடக்கவே இல்லை. முனைவர் ஆகாமலே இன்று ஓய்வு பெறுகிறீர்கள். இம்மடலில் எத்தனை புகழுரை வந்தாலும் அது இந்த உண்மைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

அந்த ஏடு எப்படி உருவாயிற்று என்பதை அறிந்தவர் சிலரே. எண்பத்தெட்டில் மாணவர் கிளர்ச்சியால் வகுப்பறைகள் பூட்டப்பட்டபோது எங்களில் பலர் வீட்டில் படுத்துக் கிடந்தோம். சிலர் அரிசி வியாபாரம் பழகினோம். நீங்கள் ஜெர்மன் பழகினீர்கள். அதுவும் இன்றைய ஜெர்மன் போதாதென்று, நானூறு ஆண்டுக்கு முந்தைய முரட்டு ஜெர்மனை, அச்செழுத்தே முள்வேலி போல் தோன்றும் பழைய பதிப்புகளிலிருந்து, எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கற்றீர்கள். நூலகத்தின் தடித்த தொகுதிகளில் மழைக்காலந்தோறும் பூஞ்சை படரும். பக்கத்துக்குப் பக்கம் துணி வைத்து ஒற்றி, விசிறியால் வீசி உலர்த்தி, அதன் பின்னரே படிப்பீர்கள். "வீட்டுல குழந்தை இருந்தா இவ்வளவு சீராட்டியிருப்பாளோ என்னவோ" என்று முகைதீன் பாய் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். "என் பொண்டாட்டி நானூறு வருஷத்துக்கு முந்தின ஊர்ல குடியிருக்கா. சோறாக்க மட்டும் ரங்கூனுக்கு வந்துட்டுப் போறா." இப்படிச் சொல்லிக்கொண்டே, நீங்கள் படிக்கும் மேசைக்கு மேலே ஒழுகும் கூரைக்கு அடியில், கடையில் விலை போகாத பெரிய குடை ஒன்றை விரித்துக் கட்டிவிட்டவரும் அவரே.

நூலகத்தில் இல்லாத பக்கங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் உங்கள் அண்ணன் மகன் கபீர். சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஹம்பர்க் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் ஒன்றிரண்டு நாளில், நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டோடு நூலகம் தேடிப் போய்ப் பழைய நகரச் சட்டங்களைப் படியெடுத்து வருவார். "மாமி, கப்பல்ல மத்தவன்லாம் டேப் ரெக்கார்டர் வாங்கியாறான். நான் மட்டும் செத்துப்போனவன் ஊர்ச் சட்டத்தைச் சுமந்துட்டு வாறேன். கஸ்டம்ஸ்காரன் பெட்டியத் தொறந்து பாத்தான். பாவம்னு மூடிட்டான்!" என்று அவர் இந்த மாடிப்படியில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது. நீங்கள் அவருக்குச் சாப்பாடு போட மறந்து, அங்கேயே நின்று பக்கங்களைப் புரட்டத் தொடங்கிவிட்டீர்கள்.

அந்த ஊர்களை நீங்கள் பார்த்ததில்லை. அங்கே நடந்த கருத்தரங்கு ஒன்றுக்கு ஒருமுறை அழைப்பு வந்தது. கடவுச்சீட்டு வரவில்லை. மூல ஆவணங்களைக் கையால் தொடாமல் எழுதிய ஆய்வு என்ற குறையை வேறெவரும் சொல்ல விடாமல், முன்னுரையின் முதல் வரியிலேயே நீங்களே எழுதி வைத்தீர்கள். குறையை முதல் வரியில் வைக்கும் ஆய்வாளரை நாங்கள் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அந்த ஏட்டில் அரசர் இல்லை, போர் இல்லை. மாலையில் கோட்டைக் கதவு சாத்தப்படுவதற்குள் ஓடிவருகிற மனிதன் இருக்கிறான். பெயர் என்ன, தொழில் என்ன, எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று காவலன் கேட்கிறான். வேலை தேடி ஊர் ஊராய் நடக்கும் தச்சனும் தையற்காரனும் தங்கள் கைத்தொழில் சங்கத்தின் விடுதியைத் தேடிப் போகிறார்கள். அனுமதி பெற்ற பிச்சைக்காரர் உடையில் அடையாள வில்லை தைத்துக்கொண்டு திரிகிறார். அனுமதி பெறாதவர் வெளியே துரத்தப்படுகிறார். கதவடைத்த பின் வந்தவன் மதிலோரம் விடியும்வரை குந்தியிருக்கிறான். அந்த நகரங்களில் பிறந்தவரைக் காட்டிலும் இறந்தவர் தொகை மிகுந்திருந்தது, வெளியிலிருந்து வந்தவன் இல்லையேல் தெருக்கள் காலியாகியிருக்கும் என்று காட்டினீர்கள். "வந்தவனை அந்த ஊர் வேண்டாம்னு சொல்லல. வேணும், ஆனா யாருன்னு தெரியணும். ரெண்டும் சேர்ந்ததுதான் நகரம்" என்று ஒரு தேநீர் வேளையில் எங்களுக்கு விளக்கினீர்கள். வந்தவர் பிள்ளைகளான நாங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டோம்.

ஆயினும், எங்கள் கதையை உங்கள் ஏட்டுக்குள் நுழைய விட்டீர்களா? இல்லை! அந்த வாயிலில் உங்களைவிடக் கடுமையான காவலரை நாங்கள் கண்டதில்லை. ஒருநாள் மாரிச்சாமியின் தந்தையிடம் வந்து, புதிதாக இந்த ஊருக்கு வந்து இறங்கிய காலத்தில் அவரிடம் யார் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தீர்கள். "எங்க பேரை யாரும்மா கேட்டா? தோளைத்தான் பாத்தான், ஏறுன்னான்" என்றார் கிழவர். "அதுசரி, வெள்ளைக்காரன் ஊர்க் கதைக்கு எங்கிட்ட ஏன் வந்தீக? அவனும் மூட்டைதான் தூக்குனானா?" என்று கேலியும் செய்தார். ஏட்டில் இதைச் சேர்த்தீர்களா என்று பிறகு கேட்டபோது, "சேர்க்கல, மாரிச்சாமி. அது உங்க அப்பா சொன்னது. என் ஊர்க்காரன் சொல்லலையே. ரங்கூன் எனக்குக் கேள்விதான் குடுக்கலாம். பதிலைக் குடுக்கக் கூடாது" என்றீர்கள். அந்தக் கேள்வியோடு நீங்கள் பழைய சட்டங்களையெல்லாம் மறுபடி துழாவினீர்கள். ஆதாரம் கிடைக்கவில்லை, ஆகவே விட்டுவிட்டீர்கள். ஒத்துப்போகிறது என்பதற்காக ஒன்றை எழுதிவிடக் கூடாது என்ற அந்தப் பிடிவாதமே உங்கள் புலமை. அதுவே உங்களை வீழ்த்தியது.

ஏட்டைக் கொடுத்த அதே ஆண்டின் இறுதியில் கல்லூரிகள் மீண்டும் மூடப்பட்டன. தேர்வு தள்ளிப்போயிற்று. இரண்டாயிரத்தில் திறந்தபோது வகுப்புகள் நகருக்கு வெளியே, மிங்கலாடோனையும் தாண்டிப் போய்விட்டன. ஆனாலும் தேர்வுக்கு நாள் குறிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு மறுபடி எழுந்தது. அடுத்த ஆண்டு, தகரக் கூரை வகுப்பறை ஒன்றில், நீங்கள் உங்கள் ஏட்டின் ஓர் அத்தியாயமான சத்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தினீர்கள். தன்னிடம் இரவு தங்குவோர் யார், எந்த ஊரார் என்று சத்திரக்காரன் மாலைதோறும் எழுதி நகராட்சியாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னீர்கள். ஒரு மாணவி எழுந்தாள்.

"சயாமா, இது நானூறு வருஷத்துக் கதையா, நேத்து ராத்திரி எங்க வீட்டுக் கதையா? எங்க மாமா மோல்மேன்லேருந்து வந்து படுத்தாரு. அவர் பேரைச் சொல்ல வார்டு ஆபீசுக்கு மழையில ஓடினவ நான்தான்!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. வேறெந்த ஆசிரியராயினும் என்ன செய்திருப்பார்? தாமும் கொஞ்சம் சிரித்து, "எழுது எழுது" என்று அதட்டி, அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். நீங்களோ, கரும்பலகைப் பக்கம் திரும்பி, நடுவே ஒரு கோடு கிழித்தீர்கள்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல. கவனமாக் கேளு. நான் படிச்ச சட்டங்கள்ல முதல் பொறுப்பு சத்திரம் நடத்துறவன் தலையில. இங்க அது வீட்டுக்காரன் தலையில. அங்க தெரியாத ஆளைப் பத்திச் சொன்னான். இங்க கூடப்பொறந்தவ வந்தாலும் சொல்லணும். இந்த வித்தியாசத்தை எழுதிக்க. ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதினா மதிப்பெண் கிடையாது."

அம்மையீர்! இரண்டும் ஒன்று என்று நீங்கள் சொல்லவில்லை. ஒன்றல்ல என்றுதான் சொன்னீர்கள். ஆனால் இடப்பக்கம் அந்த ஊரையும் வலப்பக்கம் இந்த ஊரையும் வைத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டீர்கள். பட்டாளம் ஆளும் ஊரில் அப்படி ஒரு தவறை அரசியல்வாதி செய்யமாட்டார், வியாபாரி செய்யமாட்டார், மூட்டை தூக்குபவனும் செய்யமாட்டான். உங்களைப் போன்ற வரலாற்றாசிரியர் மட்டுமே செய்வார். யாரோ போய்ச் சொன்னார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. நீங்களும் தேடவில்லை.

அழைப்பு வந்தது. அன்றைய மேலதிகாரியின் அறைக்கு வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்த எங்கள் கரீமா, உள்ளே நடந்ததைக் கேட்டார். அந்த அதிகாரி கெட்டவர் அல்லர். அவருக்கு மேலேயும் ஒருவர் இருந்தார், அவ்வளவே.

"டோ லத்தீபா, அந்தச் சத்திர அத்தியாயத்தை மட்டும் எடுத்துடுங்க. எடுத்துக் குடுங்க, உடனே பரீட்சைக்கு நாள் வைக்கிறேன். நானே பக்கத்துல உட்கார்றேன்."

நீங்கள் கேட்டீர்கள்: "சத்திரத்தை எடுத்துட்டா, ஊருக்குள்ள வந்தவன் ராத்திரி எங்க படுப்பான், சயா?"

"நான் அதைக் கேட்கலையே."

"என் ஏடே அதைத்தானே கேட்குது."

நீங்கள் வெளியே வந்து, "தண்ணி இருக்கா, கரீமா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

நாங்கள் உங்களைத் தேற்றவில்லை, சண்டை போட்டோம். புவியியல் துறையின் இனாயத்துல்லா உங்கள் வீட்டுக்கே வந்து மன்றாடினார். "ஒரு அத்தியாயம்தானே, அக்கா! கையை வெட்டியாவது டாக்டர் உயிரைக் காப்பாத்தறதில்லையா? பட்டத்தை வாங்கிக்குங்க. பின்னால புத்தகமாப் போடறப்ப சேர்த்துக்கலாம்." நீங்கள் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடியே, "கையை வெட்டச் சொன்னா குடுத்திருப்பேன், தம்பி. இவங்க கேட்கறது முதுகெலும்பு" என்றீர்கள். "சரி, முதுகெலும்போட சாகுங்க!" என்று கோபித்துக்கொண்டு அவர் குடையை மறந்து மழையில் இறங்கிப் போனார். மறுநாள் அதே குடையை நீங்கள் லைன் காரில் சுமந்து வந்து அவர் மேசையில் வைத்தீர்கள்.

அந்த மறுப்பை வீரம் என்று வருணிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வீரத்துக்குக் கைதட்டுவார் வேண்டும். உங்களுக்கு ஒருவரும் கைதட்டவில்லை. உங்களிடம் படித்தவர்கள் முனைவராகி, உங்களுக்கு மேலதிகாரிகளாகி வந்தார்கள். அவர்கள் கையெழுத்துக்காக அறைக்கு வெளியே மரநாற்காலியில் நீங்கள் காத்திருந்தீர்கள். அவர்களில் ஒருவரைப் பற்றியும் தாழ்வாகப் பேசியதில்லை. அதையும் நற்குணம் என்று நாங்கள் எழுதப்போவதில்லை. அது களைப்பாகவும் இருந்திருக்கலாம். இனாயத்துல்லா இன்றும் தாம் சொன்னது சரி என்றே நம்புகிறார். நீங்கள் செய்ததும் சரி என்கிறார். இரண்டையும் ஒன்றாக்க அவரால் முடியவில்லை, எங்களாலும் முடியவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் முகைதீன் பாய் மருத்துவமனையில் கிடந்தபோது நாங்கள் போயிருந்தோம். பேச்சு குழறிவிட்டது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "லத்தீபா, பரீட்சைக்கு நாள் வச்சாங்களா?" என்று கேட்டார். "வச்சுட்டாங்க. அடுத்த மாசம்" என்றீர்கள். ஆதாரம் இல்லாமல் நீங்கள் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவர் சிரித்தார். "நல்ல சீலையாக் கட்டிக்கிட்டுப் போ" என்றார். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய வாரமே நீங்கள் வகுப்புக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தீர்கள். சத்திரப் பாடத்தை உங்கள் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியிருந்தார்கள். நீங்கள் கைத்தொழில் சங்கங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதையும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தீர்கள்.

இத்தகைய மடல்களைக் கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டுவது வழக்கம். மாட்டலாமா என்று யோசித்தோம். வார்டு அலுவலகத்திலிருந்து வருபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று கரீமா உறுதி சொன்னார். ஆகவே தைரியமாக மாட்டுங்கள். யாரேனும் இது என்னவென்று கேட்டால், ஓய்வுபெற்றவருக்கு வாழ்த்து என்று சொல்லுங்கள். அது பொய்யல்ல.

ஆம், வாழ்த்தும் உண்டு. சயாமா! விடியற்காலையில் அலாரம் வைக்காமல் நீங்கள் எழும் நாள்கள் பெருகட்டும்! கண்ணில் ஒளி குன்றாதிருக்கட்டும், பொடி எழுத்து உங்களுக்குப் பகையாகாதிருக்கட்டும்! மருந்துக் கடைக்காரருக்கு உங்கள் முகமே மறந்து போகட்டும்! கபீர் கப்பலிலிருந்து நலமாய்த் திரும்பி, இனி உங்களுக்குப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நல்ல கம்பளி ஒன்று கொண்டுவரட்டும்! மாரிச்சாமி வீட்டுத் தெய்வங்களும் உங்கள் இறைவனும் உங்கள் முதுமையைத் தனிமையாக்காதிருக்கட்டும்!

ஆனால் வாழ்த்தோடு முடித்துக்கொண்டால் நாங்கள் நேற்றுப் பேசியவர்களைப் போல் ஆகிவிடுவோம். "இன்னைக்கு நாமளே அக்காவுக்கு ஒரு பரீட்சை வச்சிடலாமே" என்று கரீமா ஆசைப்பட்டார். இனாயத்துல்லா கூடாது என்றார். அவர் சொன்னதே நியாயம். நாங்கள் உங்களை நேசிப்பவர்கள். நாங்கள் கேட்டால் அது உபசாரமாகிவிடும். தேர்வாளர் என்பவர் உங்களை நம்பாதவராக இருக்க வேண்டும். ஏட்டை முழுதும் படித்து, மடித்து வைத்த பக்கத்தைத் திறந்து, "இதற்கு என்ன ஆதாரம்?" என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். நீங்கள் விடை சொல்ல வேண்டும். அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். மறுத்திருந்தால்கூட நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். அதற்காகத்தான் அத்தனை ஆண்டுகள் உழைத்தீர்கள். ஏட்டைச் சமர்ப்பித்த நாள் முதல் இந்த நாள் வரை, அதைப் பற்றி உங்களிடம் எந்தத் தேர்வாளரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சத்திர அத்தியாயத்தோடு, ஒரு வரியும் குறையாத முழு ஏட்டுக்கும், உங்கள் துறை உங்களுக்கு ஒரு வாய்மொழித் தேர்வு நடத்தித் தர வேண்டும். இன்னும் தரவில்லை. ஓய்வு பெற்றதால் அந்தக் கடன் தீராது.

இங்ஙனம்,
உடன் பணியாற்றிய
மாரிச்சாமி, நூலகம்
இனாயத்துல்லா, புவியியல் துறை
கரீமா, அலுவலகம்
ரங்கூன், 2009